உஷார்! காயவைத்த வண்டி விற்பனைக்கு வருகிறது

பழைய பிராடோவோ பஜேரோவோ பேட்ரோலோ வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஷார்ஜா சூக் அல் ஹராஜிலும் துபாய் அல் அவீரிலும் வரிசை கட்டி நிற்கிற பத்துப் பதினைந்து வயசு வண்டிகளுக்கு நடுவில், 2024 ஏப்ரலில் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றவையும் கலந்தே நிற்கின்றன. எது அந்த வண்டி என்று பதிவு அட்டையான முல்கியா சொல்லாது. பதிவுக்கான பரிசோதனையான ‘பாசிங்’ சொல்லாது. விற்பவர் நிச்சயமாகச் சொல்லமாட்டார்.

அந்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 ஏப்ரல் 16. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் கொட்டியது. அமீரகத்தில் 1949-இல் மழைக் கணக்கு எழுத ஆரம்பித்த பிறகு அப்படி ஒரு மழை பதிவானதில்லை. துபாயில் ஷேக் ஸாயித் ரோட்டிலேயே வண்டிகள் மிதந்தன. ஷார்ஜாவில் சில பகுதிகளில் ஒரு வாரம் தாண்டியும் தண்ணீர் வடியவில்லை; கீழ்த்தள பார்க்கிங்கில் நின்ற வண்டிகளின் கதியைக் கேட்கவே வேண்டாம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. புது வண்டிக்காரர்கள் பெரும்பாலும் முழுக் காப்பீடு வைத்திருந்தார்கள். போலீஸ் சான்றிதழ் வாங்கி, கிளெய்ம் போட்டு, ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதி வாங்கிவிட்டார்கள். அந்த வண்டிக்கு எங்காவது ஒரு பதிவு இருக்கும். பழைய வண்டியின் கதை வேறு. பத்து வயசு தாண்டினால் பல கம்பெனிகள் முழுக் காப்பீடு தருவதில்லை. உரிமையாளர்களும் செலவைப் பார்த்து தேர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்வார்கள். தேர்ட் பார்ட்டியில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு திர்ஹம்கூடக் கிடைக்காது. கிளெய்ம் இல்லையென்றால் பதிவும் இல்லை. கையிலிருந்து போன காசை எப்படி எடுப்பது? கார்ப்பெட்டைக் கழற்றி வெயிலில் போடு, ஆயிலை மாற்று, புது சீட் கவர் போடு, ஊத் வாசனை அடி, விற்றுவிடு. ஆக, நாம் தேடுகிற விலையில், நாம் தேடுகிற வயசில் இருக்கிற வண்டிதான் அதிக ஆபத்தானது. அதன் ஜாதகம் சுத்தமாக இருப்பதே சந்தேகத்துக்குரியது.

உள்துறை அமைச்சகத்தின் தளத்திலும் எமிரேட்ஸ் வெஹிக்கிள் கேட் தளத்திலும் சேசிஸ் நம்பரை அடித்தால் விபத்து விவரம் இலவசமாக வரும். கட்டாயம் பாருங்கள். ஆனால் அதில் வருவது போலீஸில் பதிவான விபத்து மட்டும்தான். “ரெக்கார்டு கிளீனா இருக்கு அண்ணே, போன மாசம்தான் பாசிங் ஆச்சு, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க” என்பார்கள். கண்ணைத் திறந்துகொண்டே பாருங்கள். பாசிங்கில் பிரேக், லைட், டயர், புகை, அடிப்பாகம் என்று அன்றைக்கு வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்றுதான் பார்ப்பார்கள். முன்பு தண்ணீரில் நின்றதா, அடுத்த மாசம் கியர்பாக்ஸ் நிற்குமா என்பது அவர்கள் வேலை இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில் போங்கள், எஞ்சின் சூடேறாத வண்டியாகப் பாருங்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுங்கள். அரை முழமல்ல, கடைசி வரைக்கும். நாம் தினமும் இழுக்கிற பகுதியைக் கழுவியிருப்பார்கள். உருளைக்குள் சுருண்டு கிடக்கிற கடைசிப் பகுதியைக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. அங்கே பழுப்பாக ஒரு கோடு, வண்டல் தடவிய மாதிரி ஒரு கறை இருந்தால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம். அடுத்து டிரைவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். வளைகுடா வெயிலில் வண்டிக்குள் இருக்கும் போல்ட் துருப்பிடிக்கக் காரணமே இல்லை. பெடல்களுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கும் அப்படித்தான். பிறகு ஜன்னலை ஏற்றிவிட்டு, ஏ.சி.யை உள்காற்றில் வைத்துப் பத்து நிமிஷம் ஓடவிட்டு மூக்கால் சோதியுங்கள். ஊத் வாசனையையும் மீறி ஈர மூட்டை வாசனை வரும்.

ஃபோர் வீலில் இன்னொரு இடம் உண்டு. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். மெக்கானிக்கை வைத்து டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் அதிகமான டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஆற்றைக் கடந்ததோ வாதியில், அதாவது காட்டாற்றுப் பாதையில், சாகசம் செய்ததோ ரோட்டில் மூழ்கியதோ, நமக்கு எல்லாம் ஒன்றுதான்.

மணல்மேட்டில் குதித்த வண்டிக்கு வேறு அடையாளங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து மூலையில் விரலைத் தேய்த்தால் மாவு போல் மணல் ஒட்டும். எஞ்சினுக்குக் கீழே இருக்கும் தகடு நசுங்கியிருக்கும். சப்காவில், அதாவது கடலோர உப்புச் சேற்றில், ஓடிய வண்டி இன்னும் மோசம்; அந்த உப்பு சேசிஸ் இடுக்குகளில் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். அடிப்பாகம் முழுக்கப் புதுசாகக் கறுப்பு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். விற்கப்போகிற பழைய வண்டியின் அடிவயிற்றுக்குக் காசு செலவழித்து யாராவது மை பூசுவார்களா?

சேசிஸ் நம்பரில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஜே என்ற எழுத்தில் தொடங்கினால் ஜப்பான் தயாரிப்பு. 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்கா. அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து வளைகுடாவுக்கென்றே முறைப்படி வந்த வண்டிகளும் உண்டு, அதனால் நம்பரை மட்டும் பார்த்து ஓட வேண்டாம். ஜி.சி.சி. ஸ்பெக்கா, அதாவது வளைகுடாவுக்கென்று செய்ததா, என்று ஏஜென்சியில் கேளுங்கள். அமெரிக்க ஏலத்தில் நொறுங்கிய நிலையில் வாங்கி, இங்கே தட்டி ஒட்டிய வண்டி என்றால், ஏர்பேக் வெடித்த இடத்தில் வெறும் மூடியை மாட்டியிருக்கவும் கூடும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய கோளாறு, விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

வலது பக்க ஸ்டீயரிங்கை இடது பக்கம் மாற்றிய ஜப்பான் வண்டிகளும் சந்தையில் உண்டு. மழை அபூர்வமான ஊரில் யாரும் வைப்பரைப் பார்ப்பதில்லை. பாருங்கள்: அது டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை நன்றாகத் துடைக்கிறதா, பக்கத்து சீட்டுக்காரர் பக்கத்தையா? ஸ்டீயரிங்கை மாற்றியவர்கள் வைப்பரை அப்படியே விட்டுவிடுவது சகஜம்.

கிலோமீட்டர் மீட்டரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதை நம்பாதீர்கள், அவ்வளவுதான். ஏஜென்சி சர்வீஸ் பதிவு இருந்தால் அதில் இருக்கும் எண்ணை நம்புங்கள்.

வண்டியைவிட நம் ஆட்களைக் கவிழ்ப்பது பேப்பர்தான். விசா முடிந்து ஊருக்குப் போகிற நண்பர், “பேரை அப்புறம் மாத்திக்கலாம், இப்ப ஓட்டிக்க தம்பி” என்று சாவியைக் கொடுப்பார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அவர் போய்விட்டால் முல்கியாவைப் புதுப்பிப்பது எப்படி? அவர் பேரில் விழுந்து கிடக்கும் அபராதத்தை யார் கட்டுவது? விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனியிடம் யார் போய் நிற்பது? முல்கியாவில் பேங்க் மார்ட்கேஜ் என்று இருந்தால், கடனைக் கட்டி அதை நீக்காமல் பேர் மாறாது. விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து டெஸ்டிங் சென்டருக்குப் போய், உங்கள் பேரில் காப்பீடு எடுத்து, முல்கியா உங்கள் பேருக்கு வரும் அந்தக் கவுன்ட்டரில்தான் பாக்கிப் பணம் கை மாற வேண்டும். அட்வான்ஸ் கொடுத்தால் ரசீதில் சேசிஸ் நம்பரை எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு சீட் வண்டி வாங்கி, ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு நாலு பேரை ‘கார் லிஃப்ட்’ ஏற்றினால் தவணை வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். 2017-இல் வந்த போக்குவரத்து விதிகளில் அனுமதியில்லாமல் இப்படிக் காசுக்கு ஆள் ஏற்றினால் 3,000 திர்ஹம் அபராதம், 24 கரும்புள்ளி, 30 நாள் வண்டி முடக்கம். 24 புள்ளி என்றால் லைசென்ஸே முடக்கம். டிரைவர் வேலை பார்ப்பவர் அதோடு ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

சரி, நல்ல வண்டியாகவே கிடைத்துவிட்டது. அடுத்து அதைச் சீர்படுத்துவது. இங்கேயும் காசு தப்பான இடத்தில்தான் போகிறது. முதல் சம்பளத்தில் எல்.இ.டி. பார், இரண்டாவதில் வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட். அனுமதியில்லாமல் எஞ்சினையோ சேசிஸையோ மாற்றினால் அதே விதிகளில் 1,000 திர்ஹம், 12 புள்ளி, 30 நாள் முடக்கம் என்று இருக்கிறது. வண்டி கேட்பது வேறு. ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் பாருங்கள்; பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டர் ஜூலையில் ஹத்தா ரோட்டில் பழிவாங்கும், கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். வி6 பஜேரோ என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே போகலாம். 4 லிட்டர் வி6 பிராடோவில் செயின் என்பதால் இந்தத் தலைவலி இல்லை. பேட்டரி இந்த வெயிலில் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும் ஐந்து வருஷம் தாண்டிய டயரை அமீரகத்தில் ஓட்டக் கூடாது. கொதிக்கிற ரோட்டில் 120-இல் போகும்போது கிழட்டு டயர் வெடித்தால், உயரமான இந்த வண்டிகள் உருளும். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள்; பெரும்பாலும் வண்டியோடு பிறந்த டயர் அங்கேதான் தொங்கும்.

அமீரகத்துக்கு மட்டும் இல்லை இந்த எச்சரிக்கை. ஓமன் 2007-இல் கோனு, 2021-இல் ஷாஹீன் என்று புயல்களைக் கண்டது. ஜித்தா 2009-லும் 2022-லும் மூழ்கியது. சவூதியில் இருப்பவர்கள் வண்டியின் வரலாற்றைச் சொல்லும் ‘மோஜஸ்’ அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கத்தாரில் ஃபஹெஸ் பரிசோதனைக்குப் போவதற்கு முன்பே தனி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் மலிவாகக் கார் வாங்கியவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஏற்கெனவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குகளில் காற்றை நிரப்ப அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். வெயிலும் ஈரக்காற்றும் பல வருஷம் பட்டால் அது கெட்டு, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டையே சிதறடிக்கும். காப்பாற்ற வேண்டிய ஏர்பேக்கிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் தகடு பாயும். அமெரிக்காவில் மட்டும் காற்று நிரப்பும் பாகமான இன்ஃப்ளேட்டர்கள் 6 கோடியே 70 லட்சத்தைத் திரும்பப் பெற உத்தரவு போட்டார்கள். கம்பெனி 2017 ஜூனில் திவாலானது. அத்தோடு முடியவில்லை. 2024 மே மாதம்கூட நிசான், 2002-04 பாத்ஃபைண்டர் உட்படச் சுமார் 84,000 பழைய வண்டிகளின் அமெரிக்க உரிமையாளர்களிடம், மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்று சொன்னது.

வெயிலும் ஈரமும் எங்கே அதிகம்? துபாய், ஷார்ஜா, தம்மாம், மஸ்கட் கடற்கரையை விடவா? டொயோட்டா, நிசான், மிட்சுபிஷி, ஹோண்டா என்று பல கம்பெனிகளின் அந்தக் கால மாடல்கள் இந்த ரீகாலில் வந்தன. ஏஜென்சிகள் இலவசமாக மாற்றித் தருகின்றன. நீங்கள் முதல் உரிமையாளரா ஆறாவது ஆளா என்று பார்ப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், ரீகால் செய்தி முதல் உரிமையாளரின் போனுக்குத்தான் போயிருக்கும். அவர் நாட்டை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும்.

அதனால் முல்கியாவை எடுங்கள். சேசிஸ் நம்பரை வண்டிக் கம்பெனியின் ஏஜென்சிக்கு அனுப்பி, டகாட்டா ரீகால் பாக்கி இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஒரு திர்ஹம் செலவில்லை.