பழைய ஃபைல்தானேன்னு அழிச்சுடாதீங்க!

உங்க லேப்டாப்பில் டிரைவ் எல்லாம் சிவப்புக் கோடு காட்டுகிறதா? ஒரு தடவை உள்ளே துழாவிப் பாருங்கள். சினிமா, பாட்டு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு 30 ஜிபி, 40 ஜிபி என்று ஒரு பூதம் உட்கார்ந்திருந்தால், அது அநேகமாக செகண்ட் இயரில் லினக்ஸ் லேபுக்காக நீங்கள் போட்ட விர்ச்சுவல் மெஷினாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு அதில் கை வைக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு சோகக் கதை கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த இன்ஜினீயரிங் மாணவர் ஒருவர். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முழுக்க ஒரே விர்ச்சுவல் மெஷினுக்குள். டேட்டாபேஸ், கோடிங், ரிப்போர்ட், எல்லாமே உள்ளேதான். ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி டிஸ்க் நிரம்பிவிட்டது. ஃபோல்டரைத் திறந்தார். 22 ஜிபியில் ஒரு ஃபைல், தேதி ஆகஸ்ட் மாசம். உள்ளே ஸ்னாப்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் 6 ஜிபியில் இன்னொன்று, அன்றைய தேதி. "அட, ஆகஸ்ட் மாச ஃபைல் எதுக்கு? அதான் புதுசு இருக்கே!" ஷிஃப்ட் டெலீட். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகவில்லை.

காலையில் மெஷின் எழுந்திருக்கவே இல்லை.

அவர் செய்ததில் லாஜிக் இருக்கிறது இல்லையா? நீங்களும் நானும் அதையேதான் செய்திருப்போம். அங்கேதான் விஷயமே.

விர்ச்சுவல் மெஷின் என்றால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். புதுச் சரக்கு ஒன்றும் இல்லை, ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்று வெளியிட்டுவிட்டது. நம்ம ரேஞ்சுக்கு அது வந்தது 1999-ல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் 2007-ல் விர்ச்சுவல்பாக்ஸும் வந்த பிறகு. விர்ச்சுவல்பாக்ஸ் இன்றைக்கும் இலவசம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். இவற்றில் உள்ளே இருக்கும் மொத்த ஹார்ட் டிஸ்க்கும் வெளியே பார்த்தால் வெறும் ஃபைல். காபி பண்ணலாம், பென் டிரைவில் தூக்கிக்கொண்டு போகலாம். ஒரே க்ளிக்கில் தொலைக்கவும் செய்யலாம்!

பட்டர் பேப்பர் ரகசியம்

ஸ்கூலில் மேப் வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? இந்தியா மேப் மேலே பட்டர் பேப்பரை வைத்து, நதி, மலையை எல்லாம் பேப்பரில்தானே வரைவோம்? கீழே இருக்கும் மேப்பில் ஒரு கோடுகூட விழாது. ஸ்னாப்ஷாட் அச்சு அசல் அதேதான்.

ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து பழைய டிஸ்க் ஃபைல் உறைந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதுவதெல்லாம் மேலே விரித்த புதுப் பேப்பரில், அதாவது ஒரு 'வித்தியாச' ஃபைலில் போய் விழும். மாறாத பகுதியைப் படிக்க வேண்டும் என்றால் மெஷின் கீழே இருக்கும் மேப்பைத்தான் எட்டிப் பார்க்கும். அதனால்தான் பழைய ஃபைலின் தேதி ஆகஸ்டிலேயே நின்றுவிட்டது. அது பயன்படாமல் கிடந்த ஃபைல் இல்லை. தினமும் படிக்கப்பட்டது, எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அவர் மேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு வெறும் பட்டர் பேப்பரை வைத்துக்கொண்டு இந்தியாவைத் தேடினார்.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஸ்னாப்ஷாட் ஒரு நாளும் பேக்கப் ஆகாது. இரண்டு ஃபைலும் ஒரே டிஸ்க்கில், ஒன்றை நம்பி ஒன்று. பேக்கப் வேண்டுமா, மெஷினை ஆஃப் பண்ணிவிட்டு மொத்த ஃபோல்டரையும் வேறு டிஸ்க்கில் காபி பண்ணுங்கள். இன்னொன்று, ஸ்னாப்ஷாட் வேண்டாம் என்றால் மென்பொருளின் மெனு வழியாக மட்டும் நீக்குங்கள். அப்போதுதான் இரண்டு அடுக்கும் முறையாக ஒன்று சேரும். அந்த இணைப்பு வேலைக்கே டிஸ்க்கில் கொஞ்சம் காலி இடம் வேண்டும். ஆகவே டிஸ்க் முழுசா நிரம்பும் வரை காத்திருக்காதீங்க பாஸ்!

2002-லேயே யோசிச்சுட்டாங்க

'வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொள்' என்ற இந்த ஐடியாவை அழகாக விரித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். கான்ஸ்டன்டைன் சபுன்ட்சாகிஸ், மோனிகா லாம், விஎம்வேரைத் தொடங்கியவர்களில் ஒருவரான மெண்டல் ரோசன்ப்ளம் உள்ளிட்டவர்கள் சேர்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை, மெமரி, டிஸ்க் சகிதம் ஒரு மாத்திரை மாதிரி அடைத்து, வீட்டு டிஎஸ்எல் இணைப்பில் அனுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. 'கேப்ஸ்யூல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அவர்கள் குறி வைத்த வேகம் எவ்வளவு தெரியுமா? 384 கேபிபிஎஸ். இன்றைக்கு அந்த வேகத்தில் வாட்ஸ்அப் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தால் போனைத் தூக்கி எறிந்துவிடுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ஜிபி போய்ச் சேரவே கிட்டத்தட்ட 6 மணி நேரம்! ஆனால் அடுத்த முனையில் முன்பே ஒரு பழைய கேப்ஸ்யூல் இருந்தால், 20 நிமிஷத்துக்குள் ஒரு அப்ளிகேஷனை ஓட்ட ஆரம்பித்துவிடலாம் என்று காட்டினார்கள்.

எப்படி? மந்திரம் எல்லாம் இல்லை, நாலு சிக்கனம். டிஸ்க்கில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினார்கள். பயன்படாத மெமரியைப் பூஜ்ஜியமாக்கிச் சுருக்கினார்கள். உடனே தேவைப்படாத டிஸ்க் பகுதிகளைக் கேட்கும்போது கொடுத்தார்கள். நாலாவதுதான் எனக்குப் பிடித்தது: ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாள எண்ணைக் கணக்கிட்டு, "இந்த எண் உள்ள துண்டு உன்கிட்ட இருக்கா?" என்று முதலில் கேட்பார்கள். "இருக்கு" என்றால் அனுப்பவே மாட்டார்கள். கல்யாண வீட்டில் பாத்திரம் கடன் வாங்கப் போகும்முன் "உங்க வீட்ல அண்டா இருக்கா?" என்று கேட்பது போலத்தான்.

மாவு ஒண்ணு, தோசை வேற வேற

சரி, நம்ம லேபுக்கு வருவோம். ஐந்து மெஷின்கள் வேண்டும், ஒவ்வொன்றும் 12 ஜிபி. சும்மா காபி பண்ணினால் 60 ஜிபி காலி. அதுவும் விர்ச்சுவல்பாக்ஸ் டிஸ்க் ஃபைலைக் கையால் காபி பண்ணி அதே கம்ப்யூட்டரில் சேர்த்தால் 'இந்த அடையாள எண் ஏற்கனவே இருக்கிறது' என்று முறைக்கும். ஏனென்றால் ஒவ்வொரு டிஸ்க் ஃபைலுக்குள்ளும் ஒரு தனி எண் எழுதியிருக்கிறது, காபி பண்ணும்போது அதுவும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

க்ளோன் மெனுவுக்குப் போய் 'லிங்க்ட் க்ளோன்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஒரே அடிப்படை டிஸ்க்கை ஐந்து மெஷினும் பகிர்ந்துகொள்ளும், அவரவர் மாற்றம் மட்டும் தனித் தனி ஃபைலில். கிரைண்டரில் ஆட்டிய மாவு ஒண்ணுதான், ஒருத்தருக்குப் பொடி தோசை, ஒருத்தருக்கு ஊத்தப்பம்! நெட்வொர்க் கார்டுக்குப் புது மேக் அட்ரஸ் கொடுக்கும் ஆப்ஷனையும் மறக்காமல் டிக் பண்ணுங்கள். இல்லாவிட்டால் ஐந்தும் ஒரே முகவரியோடு நெட்வொர்க்கில் சண்டை போடும். மாவுப் பாத்திரத்தைக் கவிழ்த்தால் ஐந்து பேரும் பட்டினி என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நண்பனுக்குத் தூக்கிக் கொடுக்கப்போகும் மெஷின் என்றால் முழு க்ளோன்தான் சரி.

அடுத்தது தொப்பைப் பிரச்னை. 'டைனமிக்' டிஸ்க் தேவைக்கேற்ப வளரும் என்கிறார்களே, உண்மைதான். வளரும், தானாகச் சுருங்காது! உள்ளே 10 ஜிபி டேட்டாவைப் போட்டுப் பிறகு அழித்தாலும் வெளியே ஃபைல் இளைக்காது. அழித்த ஃபைலின் பெயர் மட்டும்தான் பட்டியலிலிருந்து போகிறது, உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். லினக்ஸில் ஜீரோஃப்ரீ, விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்டெலீட், இவற்றால் காலி இடத்தைப் பூஜ்ஜியமாக நிரப்புங்கள். பிறகு மெஷினை அணைத்துவிட்டு, விபாக்ஸ்மேனேஜ் கமாண்டில் 'காம்பாக்ட்' செய்தால் விடிஐ ஃபைல் இளைத்துவிடும். ஸ்னாப்ஷாட் எல்லாம் நீக்கிய பிறகு, பேக்கப் எடுத்துக்கொண்டு செய்வது நல்லது.

மெஷினோடு பாஸ்வேர்டும் போகுதே!

இந்தப் பூஜ்ஜிய வேலை இடத்துக்காக மட்டும் இல்லை. உங்க மெஷினை நண்பருக்குக் கொடுக்கிறீர்கள். கூடவே ப்ரௌசரில் சேமித்த பாஸ்வேர்டு, கிட்ஹப் சாவி, லாக்-அவுட் பண்ணாத மெயில் எல்லாமே போகிறது. நீங்கள் 'அழித்துவிட்ட' போட்டோவை மீட்டெடுப்பதற்கு இலவச மென்பொருள் போதும். அதனால் கொடுப்பதற்கென்றே சுத்தமாக ஒரு மெஷின் தயார் செய்யுங்கள். சொந்தக் கணக்கு எதிலும் அதற்குள் லாக்-இன் பண்ணவே கூடாது. ஆஃப் பண்ணாமல், ஓடிக்கொண்டிருந்த நிலையைச் சேமித்து நிறுத்திய மெஷின் ஃபோல்டரை அப்படியே கொடுக்காதீர்கள், அதில் மெமரியும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கும்.

ஆஃப் பண்ணிய மெஷினை எக்ஸ்போர்ட் செய்தால் ஓவிஏ என்று ஒரே ஃபைல் கிடைக்கும். மெஷினின் விவரக் குறிப்பு, சுருக்கிய டிஸ்க் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டியது. வேறு விர்ச்சுவல் மென்பொருள்களும் இதைப் படிக்கும், ஆனால் ஸ்னாப்ஷாட் வரலாறு கூட வராது. பென் டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தொடும் ஃபைல் ஏறாது. 32 ஜிபி டிரைவில் 'இடமில்லை' என்று வருகிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாமல் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் பண்ணுங்கள். கொடுக்கும்போது ஷா-256 எண்ணையும் எழுதிக் கொடுங்கள். வாங்கியவர் கணக்கிட்டுப் பார்த்து ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மறுபடி காபிதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை: 2020 கடைசியிலிருந்து வரும் ஆப்பிளின் எம் வரிசை மேக்கில் ப்ராசசரே வேறு வகை. உங்க இன்டெல் மெஷினுக்கான ஓவிஏ அங்கே நேரடியாக ஓடாது. எமுலேஷன் செய்து ஓட்டலாம், ஆனால் ஆமை வேகம். மேக் வைத்திருக்கும் நண்பருக்கு இரண்டு மணி நேரம் காபி பண்ணிக் கொடுத்து அசடு வழியாதீர்கள்.

உண்மையில் எனக்கு ஓவிஏவை விடப் பிடித்த வழி ஒன்று உண்டு. மெஷினையே கொடுக்காமல் செய்முறையைக் கொடுப்பது. மிட்செல் ஹாஷிமோட்டோ 2010-ல் வெளியிட்ட வேக்ரன்ட் இதைத்தான் செய்கிறது. எந்த அடிப்படை மெஷின், எவ்வளவு மெமரி, என்னென்ன இன்ஸ்டால் பண்ண வேண்டும் என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவிட்டால், யார் கம்ப்யூட்டரிலும் அது தானே இறக்கி, கட்டி, ஓட விடும். மெயிலில் அனுப்பலாம், யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று பார்க்கலாம். அடிப்படை மெஷினை முதல் தடவை இறக்க நெட் வேண்டும் என்பதுதான் ஒரே குறை. நெட் தடவித் தடவி வரும் ஹாஸ்டலில் இருப்பவர்கள் பென் டிரைவையே நம்பலாம்.

நம்ம ஷிஃப்ட் டெலீட் நண்பர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? மென்டருக்கு எப்போதோ மெயிலில் அனுப்பிய பாதி கோடிங்கும், பிபிடியில் ஒட்டிய ஸ்க்ரீன்ஷாட்டுகளும் கிடைத்தன. அதை வைத்து ரிவ்யூவை ஒப்பேற்றினார். அடுத்த செமஸ்டரில் ஒரு ஜூனியர் 64 ஜிபி பென் டிரைவோடு வந்து, "அண்ணா, உங்க மெஷினை இதுல போட்டுத் தாங்கண்ணா" என்றானாம். அவர் வாங்கி, ஒரு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையன் ரூமுக்குப் போய்த் திறந்து பார்த்துவிட்டு போன் அடித்திருக்கிறான்: "அண்ணா, உள்ள ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கு. அதுவும் 3 கேபி!"