சிறிய போவா பாம்பு வளர்ப்பும் மண்ணுளிப் பாம்பும்

சிறிய போவா என்பது, போவா குடும்பத்தில் முழு வளர்ச்சி பெற்ற பின்னும் பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும் பாம்புகளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இவை நஞ்சற்றவை. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்குபவை. அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களில் பாம்பு வளர்க்க விரும்புவோர் தங்கள் முதல் பாம்பாகப் பலமுறை இவற்றையே தேர்ந்தெடுக்கின்றனர். இந்தக் குழுவைச் சேர்ந்த இரண்டு பாம்புகள் திண்டுக்கல் சமவெளி போன்ற தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் இயற்கையாகவே வாழ்கின்றன. மண்ணுளிப் பாம்பு, இருதலைப் பாம்பு, இருதலை மணியன் என்று ஊர் மக்கள் அழைப்பவை இவையே. ஆகவே திண்டுக்கல்லில் இருக்கும் ஒருவர் சிறிய போவா ஒன்றை வளர்க்கலாமா என்று யோசித்தால், வெளிநாட்டு வளர்ப்புக் கையேடுகள் கூறும் விடை அவருக்குப் பாதிதான் பொருந்தும். மறுபாதி இந்த மண்ணையும் இந்நாட்டுச் சட்டத்தையும் சார்ந்தது.

போவாவும் மலைப்பாம்பும்

போவாக்களையும் மலைப்பாம்புகளையும் பலர் ஒன்றாகவே எண்ணுகின்றனர். இரண்டும் இரையை இறுக்கிக் கொல்வதால் இந்த மயக்கம் இயல்பானது. மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாக்கும். போவாக்களில் பெரும்பாலானவை குட்டி போடும். விதிவிலக்குகள் உண்டு: அரேபிய மண்ணுளிப் பாம்பு முட்டையிடுகிறது. (அந்தப் பாம்பின் அறிவியல் பெயர், மஸ்கட்டில் பணியாற்றிய ஆத்மாராம் ஜெயகர் என்னும் இந்திய மருத்துவரின் பெயரால் அமைந்தது.)

போவா என்றதும் நினைவுக்கு வருவது தென் அமெரிக்காவின் போவா கன்ஸ்டிரிக்டர். அது இரண்டு முதல் மூன்று மீட்டர் வரை வளரக்கூடியது. நல்ல பராமரிப்பில் 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஒரு முழ நீளக் குட்டியாக வாங்கியவர், சில ஆண்டுகளில் அதைத் தூக்க இன்னொருவர் துணை தேடும் நிலைக்கு வந்துவிடுவார். சிறிய போவாக்களை நாடுவதற்கு இதுவே முதற்காரணம்.

வெளிநாடுகளில் வளர்க்கப்படும் சிறிய போவாக்கள்

இவற்றுள் அதிகம் வளர்க்கப்படுவது கென்ய மண்ணுளிப் பாம்பு. கிழக்கு, வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. பெண் பாம்பு 60 முதல் 80 செ.மீ. வரையும், ஆண் அதைவிடக் குறைவாகவும் வளரும். அடுத்தது ரோஸி போவா. கலிபோர்னியா, அரிசோனா, மெக்சிகோவின் பாறை நிலங்களைச் சேர்ந்த இது சாதுவானது. மூன்றாவதான ரப்பர் போவா மேற்கு அமெரிக்காவிலும் கனடாவின் தென்மேற்கிலும் குளிர்ந்த காடுகளில் வாழ்வது, வெப்பத்தைத் தாங்காது. கோடையில் 40 பாகை செல்சியசைத் தொடும் திண்டுக்கல் வெயிலில், மின்தடை நாளொன்றில், அதன் நிலை என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கென்ய மண்ணுளிப் பாம்பின் பராமரிப்பு எளிது என்று சொல்வது உண்மைதான். தப்ப முடியாத மூடியுள்ள கண்ணாடித் தொட்டி, அதில் பாம்பு முழுவதும் புதையும் அளவுக்கு உலர்ந்த மணல் அல்லது மரத்தூள், தொட்டியின் ஒரு முனையில் 32 முதல் 35 பாகை வரை வெப்பம், மறுமுனையில் அதைவிடக் குளிர்ச்சி, ஒரு சிறு தண்ணீர்க் கிண்ணம் ஆகியவை போதும். வளர்ந்த பாம்புக்கு வாரத்துக்கு ஒருமுறையோ, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ ஒரு சுண்டெலி உணவாகும். உயிருள்ள எலியைவிட, உறைய வைத்துப் பின் பதமாக்கிய எலியையே வளர்ப்போர் பரிந்துரைக்கின்றனர். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடக்கூடும் என்பதே காரணம்.

ஆனால் ஒரு செய்தியைக் கையேடுகள் அடக்கியே சொல்கின்றன. மண்ணுளிப் பாம்பு பகல் முழுவதும் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். கண்ணும் மூக்கும் மட்டும் மேலே தெரிய, இரை வரும்வரை அசையாமல் காத்திருப்பது அதன் வாழ்க்கை முறை. விலை கொடுத்து வாங்கியவர் பாம்பைவிட மணலைத்தான் அதிக நேரம் பார்க்க நேரும். தோண்டி எடுத்துக் கையில் வைத்து விளையாடுவது பாம்புக்கு உவப்பான செயல் அன்று. மேலும் இது 15, 20 ஆண்டுகள் வாழும் உயிர். பத்தாம் வகுப்பில் ஆசைப்பட்டு வாங்கிய மாணவன் படித்து முடித்து வேலைக்காக வேறு ஊர் போன பின்னும் அது தொட்டியில் இருக்கும். அப்போது எலி கொடுக்கப்போவது யார் என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

எங்கிருந்து வந்த பாம்பு என்பதும் முக்கியம். ஹோண்டுராஸ் நாட்டின் காயோஸ் கொச்சினோஸ் தீவுகளில் வாழும் வெளிர்நிறச் சிறு போவாக்கள் 1970களிலும் 1980களிலும் வளர்ப்பு வணிகத்துக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டன. அந்தத் தீவுகளில் அவற்றைக் காண்பதே அரிதாகிப்போனது. கூண்டில் பிறந்த குட்டிக்கும் காட்டிலிருந்து பிடித்து வந்ததற்கும் உள்ள வேறுபாடு, வாங்குபவர் கேட்டால் மட்டுமே வெளிப்படும்.

திண்டுக்கல் சமவெளியின் மண்ணுளிகள்

சிறுமலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடைப்பட்ட வெளிகளிலும், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் காணப்படும் இளகிய செம்மண், மண்ணுளிப் பாம்புக்கு ஏற்ற இடம். கடலைக்காடு, சோளக்காடு, கரட்டோரம், கிணற்று மேடு என எலி வளை உள்ள இடமெல்லாம் அதற்கு வீடு.

இங்குள்ள இரண்டு வகைகளையும் ஊரில் பிரித்துப் பேசுவதில்லை. செம்மண்ணுளி ஒரே சீரான பழுப்பு அல்லது செம்பழுப்பு நிறமும் வழவழப்பான சிறு செதில்களும் உடையது. பெரும்பாலும் 60 முதல் 75 செ.மீ. நீளமிருக்கும், சில ஒரு மீட்டரையும் கடக்கும். வால் தலையைப் போலவே மொட்டையாக முடிவதால் இருதலைப் பாம்பு என்ற பெயர் வந்தது. ஆபத்து நேரும்போது தலையை உடலுக்கடியில் மறைத்து வாலைத் தூக்கிக் காட்டும். எதிரியின் கொத்தும் கடியும் வாலில் விழுந்து தலை தப்பும். இது கடிப்பது மிக அரிது. சாதாரண மண்ணுளி இதைவிடக் குட்டையானது; வெளிர் உடலில் ஒழுங்கற்ற அடர்பழுப்புத் திட்டுகளும், சொரசொரப்பான குறுகிய வாலும் கொண்டது. இதற்கு நஞ்சில்லாவிட்டாலும் கோபம் உண்டு. சட்டென்று திரும்பிக் கடிக்கும்.

செம்மண்ணுளியின் அறிவியல் பெயரான எரிக்ஸ் ஜானி என்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. 1801-இல் பாட்ரிக் ரஸ்ஸல் இப்பாம்பை விவரித்தபோது, தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானியரின் பெயரைச் சூட்டினார். ஜான் சமயப் பணியோடு பள்ளிகள் நடத்தியவர். இயற்கை ஆய்விலும் ஈடுபட்டவர். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இதே ரஸ்ஸலின் பெயர்தான். இந்தியாவின் மேற்குக் கரையோரத்தில் வாழும் மூன்றாவது மண்ணுளிக்கு, சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரின் பெயரை 1991-இல் இந்திரனீல் தாஸ் வைத்தார்.

மூடநம்பிக்கையும் மோசடியும்

மண்ணுளிப் பாம்பைப் பற்றிய பழைய நம்பிக்கைகளில் சில தீங்கற்றவை. ஆறு மாதம் ஒரு பக்கமும் ஆறு மாதம் மறு பக்கமும் தலையாகும் என்பது அவ்வகை. அது நக்கினால் தொழுநோய் வரும் என்பது சற்றுக் கொடியது. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது, பாம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாம்பாட்டிகள் இதன் வாலில் சூடு வைத்துக் கண், வாய் போல வடு உண்டாக்கி, இரண்டு தலை என்று காட்டிக் காசு வாங்கியதும் உண்டு.

இப்போதைய மோசடி இவற்றையெல்லாம் விஞ்சியது. செம்மண்ணுளியை வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும், அதிலிருந்து அரிய மருந்து எடுக்கிறார்கள், இத்தனை கிலோ எடையிருந்தால் வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்றெல்லாம் பரப்பி, பாம்பையும் ஏமாளியையும் ஒருசேரப் பிடிக்கிறார்கள். வயலில் சாதாரணமாகக் கிடைக்கும் செம்மண்ணுளி ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். கேட்கப்படும் எடை கிடைக்காது என்பதுதான் இந்த வணிகத்தின் சூட்சுமம்: முன்பணம் கொடுத்தவன் காத்துக்கொண்டே இருப்பான். 2016 முதல் 2021 வரையான ஆண்டுகளில் இந்தியாவின் 18 மாநிலங்களிலும் ஓர் ஒன்றியப் பகுதியிலும் இப்பாம்பு பறிமுதல் செய்யப்பட்ட 172 நிகழ்வுகளை டபிள்யூ.சி.எஸ். இந்தியா அமைப்பு தொகுத்து வெளியிட்டது. அகப்பட்டவை மட்டும் இவ்வளவு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் செம்மண்ணுளியை அச்சுறு நிலையை நெருங்கும் இனமாக வகைப்படுத்தியுள்ளது.

சட்ட நிலை

மண்ணுளிப் பாம்புகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. இந்தச் சட்டத்தின் மொழியில் உயிரோடு பிடிப்பதும் வேட்டையே. கொல்லவில்லை, வளர்க்கத்தான் பிடித்தேன் என்பது விலக்கு ஆகாது. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சத்தை 25,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாக உயர்த்தியது. மூன்று ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. ஆக, தன் சொந்தக் கடலைக்காட்டில் அகப்பட்ட மண்ணுளியைத் தொட்டியில் போட்டு வளர்க்கும் மாணவனும், அதை விற்க அலையும் தரகனும் சட்டத்தின் முன் குற்றவாளிகளே.

வெளிநாட்டுப் போவாக்களின் நிலை வேறு. போவா குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸ் பட்டியலில் உள்ளது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வெளியாயின. கை மாறினாலும், குட்டி போட்டாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். எனவே ஒரு கென்ய மண்ணுளியை விற்பவர், முறையான ஆவணம் காட்ட முடியாமல் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்து, மலேசியாவிலிருந்து பெட்டிகளில் திணித்துக் கொண்டுவரப்படும் பாம்புகளும் பிற ஊர்வனவும் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. சந்தையில் திரியும் ஆவணமற்ற பாம்பு அவ்வழியில் தப்பி வந்ததாக இருக்கக்கூடும்.

ஆவணங்கள் சரியாக இருந்தாலும் உள்ளூர்ச் சிக்கல்கள் தீர்வதில்லை. சிற்றூர், சிறு நகரங்களின் கால்நடை மருத்துவர்கள் மாடு, ஆடு, கோழி, நாய் ஆகியவற்றைப் பார்த்துப் பழகியவர்கள். பாம்பின் வாய்ப்புண்ணையும் நுரையீரல் தொற்றையும் பார்க்க வெகுதூரம் போக வேண்டியிருக்கும். தொட்டியிலிருந்து பாம்பு தப்பினால் அண்டை வீட்டார் அதைச் செல்லப் பிராணியாகப் பார்க்க மாட்டார்கள். தெருவில் நெளியும் திட்டுத்திட்டான குட்டைப் பாம்பு எதுவானாலும் தடிக்குத் தப்பாது.

கண்ணாடி விரியனோடு ஏற்படும் மயக்கம்

மண்ணுளியைக் கையில் எடுக்கும் பழக்கத்தில் உள்ள உண்மையான உயிராபத்து இதுதான். சாதாரண மண்ணுளியும் கண்ணாடி விரியனும் ஒரே வயலில் வாழ்பவை; இரண்டுமே தடித்த உடலும் பழுப்புத் திட்டுகளும் கொண்டவை. கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசையில் நீள்வட்டப் புள்ளிகள் இருக்கும். முக்கோணத் தலை கழுத்திலிருந்து தனித்துத் தெரியும். குக்கர் விசிலை நினைவூட்டும் உரத்த சீற்றம் எழுப்பும். மண்ணுளியின் திட்டுகள் தாறுமாறானவை. தலை கழுத்தோடு ஒட்டியிருக்கும். படத்தில் பார்க்கும்போது இந்த வேறுபாடு தெளிவு. அந்தி நேரத்தில், மண் பூசிக் கிடக்கும் குட்டிப் பாம்பில் பாம்பு பிடிப்பவருக்கே தவறு நேரும். இந்த அடையாளங்கள் தள்ளி நின்று அறிவதற்கு மட்டுமே. தூக்கிப் பார்ப்பதற்கு அல்ல.

கடித்த பாம்பு எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் விரியன் என்றே கொண்டு, கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்க விடாமல், 108 ஆம்புலன்சை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்து உடன் எடுத்துச் செல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டுள்ளது.

மண்ணுளியைக் கண்டால்

வயலில் கண்டால் விட்டுவிடலாம். எலி வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளோடு தின்னும் பாம்பு அது. கடலையும் சோளமும் போட்டவருக்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை. எலிக்கு வைக்கும் நஞ்சு, செத்த எலியைத் தின்னும் பாம்பையும் சாய்க்கக்கூடும் என்பதால், மண்ணுளி நடமாடும் நிலத்தில் கிட்டி வைப்பது மேல். உழவின்போது ஏரிலோ டிராக்டரிலோ அகப்பட்டு வெளியே வந்தால், நீண்ட குச்சியால் வரப்போரம் ஒதுக்கிவிட்டால் தானே புதைந்துகொள்ளும். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறையை 101-இல் அழைக்கலாம்; வனத்துறைக்கும் தெரிவிக்கலாம்.

பாம்பை அருகில் பார்க்கும் ஆர்வமுள்ள மாணவர்களை ஒருமுறை சென்னை கிண்டியிலுள்ள பாம்புப் பண்ணைக்கு அழைத்துச் செல்லலாம். மண்ணுளி பகலில் புதைந்து கிடக்கும் என்பதால், அதன் கண்ணாடிக்கு முன் மட்டும் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும்.