மூல நோய் மறைக்கத்தக்கதன்று

பிறரிடம் சொல்லக் கூசும் நோய்களுள் மூல நோயும் ஒன்று. கூச்சத்தால் மருத்துவமனையை நாடாத நோயாளிகள் பலர், தெருச் சுவர் விளம்பரங்களை நம்பிப் பொருளையும் காலத்தையும் இழக்கின்றனர். இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. மலத்துடன் குருதி வருவது மூலத்திற்கு மட்டுமே உரிய அறிகுறியன்று. மலக்குடற் புற்றுநோயும் இவ்வாறே தலைகாட்டக்கூடும்.

நோயின் இயல்பு

குருதி நாளங்கள் செறிந்த, மெத்தை போன்ற திசுத் திரட்சிகள் ஆசனவாயின் உட்புறத்தில் எல்லோருக்கும் இயல்பாகவே உள்ளன. வாயில் கசிவின்றி மூடிக்கொள்ள அவை துணைபுரிகின்றன. நாளங்கள் புடைப்பதே மூலம் என முன்னர்க் கருதினர். இத்திரட்சிகளைத் தாங்கும் திசு தளர்ந்து, அவை கீழிறங்குவதே நோய் என்று 1975-ல் தாம்சன் என்னும் ஆங்கில மருத்துவர் விளக்கினார். மலச்சிக்கல், முக்குதல், கழிவறையில் நெடுநேரம் அமர்தல், கருவுற்றிருத்தல் ஆகியன இத்தளர்ச்சிக்குத் துணையாகின்றன.

உள் மூலத்தில் பெரும்பாலும் வலியின்றிச் செங்குருதி சொட்டும். அதனை நான்கு படிகளாக வகுப்பர். முதற்படியில் குருதி வடிதல் மட்டுமே உண்டு. இரண்டாம் படியில் மூலம் வெளியே வந்து தானே உட்செல்லும். மூன்றாம் படியில் கையால் தள்ள வேண்டும். நான்காம் படியில் உட்செல்லாது. வெளி மூலத்தில் குருதி உறைந்தால் கடும் வலி தோன்றும்.

உணவே முதல் மருந்து

பெங்களூரு வட்டாரத்தின் பழைய உணவு கேழ்வரகுக் களி. கன்னட மக்கள் அதனை ‘முத்தே’ என்பர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ப்பொருள் உள்ளது; தீட்டிய பச்சரிசியிலோ 3 கிராமுக்கும் குறைவு. வளர்ந்தவர்க்கு நாள்தோறும் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருள் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. களியுடன் கீரை, அவரை, பழம் ஆகியவற்றைச் சேர்த்துண்டால் இவ்வளவை எட்டுதல் எளிது. நார்ப்பொருளைப் படிப்படியாகக் கூட்டிப் போதிய நீர் பருகினால் மலம் இளகும்; குருதி வடிதலும் குறையும். வெந்நீரன்றி, இதமான சூடுள்ள நீரில் அமர்வது வலியைத் தணிக்கும்.

பிற சிகிச்சைகள்

மருந்து, காரம், சூடு, கத்தி என்னும் நால்வகை முறைகளைச் சுசுருத சம்ஹிதை இந்நோய்க்குக் கூறுகிறது. எளியதிலிருந்து கடியதற்குச் செல்லும் முறை இன்றும் பின்பற்றப்படுகிறது. உணவுமுறையால் குணமாகாத முதல் மூன்று படிகளில், மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையம் பூட்டுவர். வலியுணர்வு குறைந்த பகுதியில் அதனைப் பூட்டுவதால் மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. குருதியோட்டம் தடைப்பட்ட மூலம் சில நாட்களில் உதிர்ந்துவிடும். எண்ணெயிற் கலந்த பீனாலை ஊசிவழிச் செலுத்திச் சுருங்கச் செய்வதும் உண்டு. முற்றிய மூலத்தை அறுவையால் அகற்றுவர். 1937-ல் மில்லிகன், மார்கன் முதலியோர் விளக்கிய முறை இன்றும் வழக்கில் உள்ளது.

பயிற்சியற்றோர் செலுத்தும் ஊசியும் தடவும் காரமும் ஆசனவாயைப் புண்ணாக்கி, வழியையே சுருக்கிவிடக்கூடும்.

சோதனையின் இன்றியமையாமை

1900-ல் திறக்கப்பட்ட பெங்களூரு விக்டோரியா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளின் அறுவைப் பிரிவில் இந்நோய்க்குச் சோதனையும் சிகிச்சையும் பெறலாம். மருத்துவர் விரலாலும் சிறு குழாய்க் கருவியாலும் செய்யும் சோதனை சில நிமிடங்களில் முடியும். ஐயத்திற்கு இடமிருப்பின் பெருங்குடல் முழுவதையும் உள்நோக்கிக் கருவியால் ஆராய்வர். அந்நகரில் 1973 முதல் இயங்கும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் போன்றவற்றில், தொடக்க நிலையிலேயே கண்டறியப்படும் மலக்குடற் புற்று குணமாகும் வாய்ப்பு மிகுதி. மூலம் என்றெண்ணிக் கழித்த மாதங்களே அவ்வாய்ப்பைப் பறிக்கின்றன.

களப்பணியாளர் நினைவிற் கொள்ளத்தக்கவை சில. குருதி வடிதல் தொடர்தல், மலப்போக்கு மாறுதல், உடல் மெலிதல், சோகை, குடும்பத்தில் குடற்புற்று இருந்தமை ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் நோயாளியைத் தாமதியாது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். ஆசிரியர்கள், மலத்தை அடக்குதல் தீது என்பதையும், மலத்தில் குருதி கண்டால் பெற்றோரிடம் கூறுதல் வெட்கத்துக்குரியதன்று என்பதையும் மாணவர்க்கு உணர்த்தலாம். இளமையில் கூச்சம் நீங்கினால், முதுமையில் நோய் மறைந்து வளர இடமிராது.