பூகோள உருண்டையின் வயதை அறிவது எப்படி?

கொல்கத்தாவின் ரஸ்ஸல் தெரு ஏலக் கூடங்களில் பழைய இல்லங்களின் மரச்சாமான்களும் கடிகாரங்களும் ஏலத்திற்கு வருவது வழக்கம். அவற்றிடையே மஞ்சள் படிந்த பூகோள உருண்டை ஒன்றைக் காண நேர்ந்தால், அது நூறாண்டுப் பழைமை உடையதா, அன்றி அண்மையில் செய்த நகலா என்னும் ஐயம் எழும். விலையில் பெரும் வேறுபாடு இருப்பதால், பணம் செலுத்துமுன் சிலவற்றை அறிந்திருத்தல் நலம்.

பழைய உருண்டையின் உட்கூடு பெரும்பாலும் காகிதமே. அச்சின் மேல் பசை தடவிய தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி, இரு அரைக்கோளங்களாக எடுத்து இணைப்பர். அதன்மேல் சுண்ணச்சாந்து பூசி வழவழப்பாக்குவர். சுழற்றும்போது ஒருபக்கம் சாயாமல் இருக்க, உள்ளே சிறு எடை வைத்துச் சமன் செய்வதும் உண்டு.

தட்டையான தாளால் கோளத்தைச் சுருக்கமின்றிப் போர்த்த இயலாது. ஆகவே செப்புத் தகட்டில் செதுக்கிய வரைபடத்தை, இரு முனையும் கூர்ந்த கீற்றுகளாக அச்சிட்டனர். பொதுவாகப் பன்னிரண்டு கீற்றுகள். ஒவ்வொன்றும் 30 பாகை தீர்க்க ரேகையை உள்ளடக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக்குக் கீற்றின் நீளம் சுமார் 47 செ.மீ., நடுப்பகுதி அகலம் ஏறத்தாழ 8 செ.மீ. ஈரத்தாள் ஒட்டும்போது விரியும். கீற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினாலும், பன்னிரண்டாவது கீற்று 12 மி.மீ. இடம் தவறிவிடும். இவ்வுருண்டையில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் ஏறத்தாழ 42 கி.மீ. ஆகும். கைவினைஞரின் திறமை இங்கேதான் வெளிப்பட்டது. பின்னர் கையால் வண்ணம் தீட்டி, வார்னிஷ் பூசி, பித்தளை வளையத்தில் பொருத்தினர்.

வயதை அறிய முதற்சான்று பெயர்களே. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணியில், கல்கத்தா அலுவலகத்தின் தலைமைக் கணிப்பாளராக விளங்கியவர் ராதாநாத் சிக்தார். அவருடைய கணக்கின் வழியே பதினைந்தாம் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. எவரெஸ்ட் என்னும் பெயர் அதன் பிறகே நிலைத்தது. எனவே அப்பெயர் தாங்கிய உருண்டை 1856க்கு முற்பட்டதாக இராது. டில்லி தலைநகராகக் குறிக்கப்பட்டிருந்தால் 1911க்குப் பிற்பட்டது. லெனின்கிராட் என்றிருந்தால் 1924க்கும் 1991க்கும் இடைப்பட்டது. வங்கதேசம் காணப்பட்டால் 1971க்குப் பின் வந்தது. அச்சிட்ட ஆண்டு ஒன்றை மட்டும் நம்புதல் தகாது. பழைய தகட்டையே திருத்திப் பயன்படுத்தியிருக்கலாம்.

இரண்டாவது சான்று அச்சு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. செப்புத் தகட்டு அச்சில் கோடுகள் தொடர்ச்சியாக இருக்கும். தற்கால நகலில் வண்ணப் புள்ளிகள் தென்படும். மஞ்சள் நிறமே அச்சிடப்பட்டிருந்தால் அது வயதின் அடையாளமன்று. கீற்றுகள் சேரும் கோடுகள் முனைமுதல் முனைவரை புலப்படுகின்றனவா எனவும் காண்க.

1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்றுச் சிறப்புடைய பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்ய இயலாது. அவற்றை விற்பதைத் தொழிலாகக் கொண்டோர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். விற்பவரிடம் உரிமத்தையும் முறையான பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெறத் தயங்க வேண்டா.

பாட்டனார் காலத்து உருண்டை தங்கள் இல்லத்திலேயே இருப்பின், ஈரத்துணியால் துடைக்காதீர். புதிய வார்னிஷும் பூசாதீர். கொல்கத்தா, சென்னை போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில் பசையை நாடிப் பூச்சிகள் வரும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, மென்தூரிகையால் தூசு நீக்கினாலே போதும். பழுதுபார்க்க முனைந்து எழுத்துகளை அழித்துவிட்டால், அதன் வயதைக் கூறும் சான்றும் உடன் அழியும், மதிப்பும் குறையும்.