தராசு சொல்லாத கணக்கு: நிறை குறைக்க ஒரு நாளைக்கு எத்தனை கலோரி?

கடந்த தை மாதம் ஒரு பின்னேரம் மாமி தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, மாமா கடைக்குள்ள வேர்த்து ஊத்திக்கொண்டு இருக்கிறார். கை நடுங்குது. மாறாட்டமாக் கதைக்கிறார்." மாமா சலரோகக்காரர் என்பதால் வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தது. குத்திப் பார்க்கச் சொன்னேன். 54 காட்டியது. 70 இற்குக் கீழே இறங்கினாலே கவனிக்கவேண்டும். மாமி சீனித்தண்ணீர் கரைத்துப் பருக்கினார். கால் மணித்தியாலத்தில் மாமா தெளிந்துவிட்டார்.

பிறகுதான் விசயம் வெளியே வந்தது. கிளினிக்கில் "நிறையைக் குறையுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு, எப்படி என்று சொல்ல அந்த வரிசையில் யாருக்கும் நேரமில்லை. மாமா வட்ஸ்அப்பில் வந்த ஒரு 'டயற் சார்ட்'டைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு 1000 கலோரி, ஒரு மாதத்தில் பத்துக் கிலோ. ஒன்பது நாள் அதன்படி சாப்பிட்டிருக்கிறார். ஆனால் கிளிக்ளசைட் குளிசையைப் பழைய அளவிலேயே காலையும் மாலையும் போட்டிருக்கிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது, குளிசை குறையவில்லை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை போடுபவர்களும் இன்சுலின் ஏற்றுபவர்களும் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னர் வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும். மருந்தின் அளவையும் அதோடு சேர்த்து மாற்றவேண்டியிருக்கலாம். மெற்போமின் மட்டும் போடுபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் இரண்டு கிழமை இதைப் படித்தேன். நான் வைத்தியர் அல்ல. ஊடகக் கல்வி படித்தவள். ஆனால் மாமாவின் கணக்கைப் போடப் போனபோது, பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு எங்கள் ஆட்களுக்கு எத்தனை இடத்தில் பிழைக்கிறது என்று தெரிந்தது.

பொதுக் கணக்கு இதுதான். எதுவும் செய்யாமல் படுத்திருந்தாலும் உடம்பு எரிக்கும் கலோரியை முதலில் கண்டுபிடிக்கவேண்டும். 1990 இல் வெளியான மிப்ளின் - சென் ஜோர் சமன்பாடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. நிறையைக் கிலோவில் எடுத்து 10 ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 6.25 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5 ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 ஐக் கூட்டுங்கள், பெண் என்றால் 161 ஐக் கழியுங்கள். வருவதை, நாள் முழுக்க இருந்து வேலை செய்பவர் 1.2 ஆலும், ஓரளவு நடமாடுபவர் 1.375 ஆலும், நல்லாக உடல் அலுக்க வேலை செய்பவர் 1.55 ஆலும் பெருக்கவேண்டும். நிறை கூடாமல் குறையாமல் இருக்கத் தேவையான அளவு அதுதான். (பொதிகளில் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதும் நாங்கள் பேச்சில் கலோரி என்பதும் ஒன்றேதான்.)

அதிலிருந்து 500 ஐக் கழி என்பதுதான் எல்லா இடத்திலும் சொல்லப்படுவது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருப்பதால், நாளுக்கு 500 குறைத்தால் கிழமைக்கு அரைக் கிலோ அளவில் குறையும். ஆனால் உடம்பு மெலிய மெலிய எரிப்பதும் குறையும் என்பதால், போகப்போக வேகம் தணியும். பெண்கள் 1200 இற்கும் ஆண்கள் 1500 இற்கும் கீழே தாங்களாகப் போகக்கூடாது என்பது பொதுவான எல்லை. 800 இற்குக் கீழே என்றால் அது வைத்தியக் கண்காணிப்பில் மட்டும் செய்யும் சிகிச்சை. மிக வேகமாக மெலிந்தால் பித்தக் கற்கள் வரலாம், கொழுப்போடு தசையும் போய்விடும்.

மாமாவுக்கு 47 வயது, உயரம் 165 சென்ரிமீற்றர். கிளினிக் தராசு 76 கிலோ என்றது. அந்த 76 இல் இரண்டு கிலோ அவருடைய செயற்கைக்கால்! 2009 இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். காலைக் கழற்றித் தனியாக நிறுத்துக் கழித்தபோது 74 வந்தது.

இங்கேதான் முதற் சிக்கல். ஒருவர் நிறை கூடியவரா என்று பார்க்க உடற்திணிவுச் சுட்டியைப் பார்ப்பார்கள். நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. ஆசிய மக்களுக்கு 23 இற்கு மேலே கவனம், 27.5 இற்கு மேலே அதிக ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்ன அளவு. 74 கிலோவை அப்படியே போட்டால் மாமாவுக்கு 27.2 வரும். ஆனால் இல்லாத காலுக்கும் நிறை உண்டு. முழங்காலோடு இழந்த கால் உடம்பின் 6 சதவீதம் அளவு, இடுப்போடு முழுக்காலும் என்றால் 16 சதவீதம், முழுக்கை 5 சதவீதம். 74 ஐ 0.94 ஆல் வகுத்தால் 78.7 கிலோ. அப்போது சுட்டி 28.9. மாமாவுக்கு முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் மிச்சம் இருப்பதால் இது சற்றுக் குறையும், ஆனால் பெரிதாக அல்ல. காலிழந்த ஒருவரைத் தராசு எப்போதும் மெலிந்தவராகவே காட்டும். எத்தனை பேருடைய கிளினிக் கொப்பியில் இந்தத் திருத்தம் இல்லாமல் எழுதியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

கலோரிக் கணக்குக்கு இருக்கிற உடம்பின் நிறையான 74 ஐத்தான் எடுக்கவேண்டும். 740 உம் 1031 உம் கூட்டி, 235 ஐக் கழித்து, 5 ஐக் கூட்டினால் 1541. மாமா பலசரக்குக் கடைக்குள் கதிரையில் இருப்பவர். எனவே 1.2 ஆல் பெருக்க ஏறத்தாழ 1850. அதில் 500 ஐக் கழித்தால் 1350. எல்லை 1500. ஆக, எல்லோருக்கும் சொல்லும் 500 மாமாவுக்கு ஒத்துவராது. 350 தான் குறைக்க இடமிருக்கிறது. கிழமைக்கு 300 கிராம் அளவில் குறையும். மாமா முகத்தைச் சுழித்தார். ஆனால் இருக்கும் நிறையில் 5 சதவீதம் குறைந்தாலே சீனியிலும் பிறசரிலும் மாற்றம் தெரியும். அவருக்கு அது நாலு கிலோகூட இல்லை.

மாமிக்கும் போட்டுப் பார்த்தோம். 50 வயது, 152 சென்ரிமீற்றர், 68 கிலோ, தோட்டமும் ஆடும் பார்ப்பவர். 1676 வந்தது. அவருக்கும் 500 ஐக் கழித்தால் 1200 இற்குக் கீழே போகிறது. 400 என்று நிறுத்தினோம். கட்டையான, இருந்து வேலை செய்கிற ஆட்களுக்கு இப்படித்தான் வரும்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்தச் சமன்பாடு உண்மையைவிடக் கூட்டிச் சொல்லும், ஏனெனில் இயங்காத தசை குறைவாகவே எரிக்கும். அவர்கள் தாங்களாகக் கணக்குப் போடாமல் போசணையியலாளர் ஒருவரைக் காண்பது நல்லது. சாப்பாட்டை வெட்டப்போய்ப் புரதம் குறைந்தால் படுக்கைப் புண் ஆறாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், காரணமில்லாமல் மெலிந்துகொண்டிருப்பவர்கள் ஆகியோர் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

இரண்டாவது சிக்கல் எண்ணில் இல்லை. 1944 - 45 இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஐரோப்பாவில் போரால் பட்டினி கிடப்பவர்களை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். ஆறு மாதம் அவர்களுக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1570 கலோரி, அதோடு கிழமைக்கு 35 கிலோமீற்றர் நடை. உடல் நிறையில் காற்பங்கு போய்விட்டது. மனமும் சோர்ந்து, எரிச்சல் கூடியது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள். ஆய்வு முடிந்த பின்னும் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் சாப்பிட்டார்கள். இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் கணினியை மூடிவைத்தேன். ஓடித்திரியும் இளைஞனுக்கு 1570 பட்டினி. கதிரையில் இருக்கும் மாமாவுக்கு 1500 பாதுகாப்பான இலக்கு. ஒரே எண்தான், உடம்பும் உழைப்பும் வேறு.

அகதிகளுக்கு நிவாரணம் திட்டமிடும்போது ஆளுக்கு 2100 கலோரி என்று கணக்கெடுப்பார்கள். 2009 இல் எங்களுக்கு எத்தனை கிடைத்தது என்று யாரும் எண்ணவில்லை. கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒருவரிடம் பதினைந்து வருடத்துக்குப் பிறகு "அரைவயிறு சாப்பிடு" என்று சொன்னால் அது வெறும் ஆலோசனையாகக் கேட்காது. மாமா சொன்னார்: "பசி எனக்குப் பயமில்லைப் பிள்ளை. தட்டில வெள்ளை தெரிஞ்சாத்தான் என்னவோ செய்யுது."

அதனால் தட்டில் கைவைக்கவில்லை. மத்தியானச் சோறு இருந்தபடியே இருக்கிறது. ஒரு தேநீர்க் கோப்பை சோறு 200 கலோரி அளவில் வரும். மேலும் இரண்டு அகப்பை கீரையும் வெண்டிக்காயும் ஏற, தட்டு முன்னரைவிட நிறைந்தே தெரிகிறது. 350 ஐ வேறிடத்தில் எடுத்தோம். இரவில் அரை இறாத்தல் பாண் சாப்பிடுவார், ஏறத்தாழ 600 கலோரி. அது கால் இறாத்தலாகி, கூட ஒரு அவித்த முட்டை வந்தது. நாளுக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. சலரோகக்காரருக்குச் சீனித் தேநீரா என்று கேட்காதீர்கள், எங்கள் வீடுகளைத் தெரியும்தானே. எட்டுக் கரண்டியும் சமமாக அள்ளினால் 130 கலோரி, மாமி அள்ளுகிற மாதிரிக் கும்பமாக என்றால் இன்னும் கூட. சம்பலுக்குத் துருவும் தேங்காயையும் கொஞ்சம் கவனித்தோம், 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது. இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய்க் காட்டியபோது வைத்தியர் குளிசையை அரைவாசியாக்கினார்.

மூன்று மாதத்தில் 71 கிலோ. மெலிந்ததில் செயற்கைக்காலின் கிண்ணம் தளர்ந்து, இப்போது மேலதிகமாக ஒரு காலுறை போட்டுத்தான் மாட்டுகிறார். இன்னும் குறைந்தால் கிண்ணத்தை மாற்றவேண்டி வரும், அதற்கு யாழ்ப்பாணம் போகவேண்டும், கடையை யார் பார்ப்பது என்பது அடுத்த கவலை. மாமி இன்னமும் ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டே சமைக்கிறார். ஏன் என்று கேட்டால், ஆரும் வந்தாலும் என்கிறார்.