நகரசபை இல்லாத நகரம்

நகரம் என்றவுடன் நகரசபையும் அதன் தலைவரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தும் தனக்கென ஒரு நகரசபை இல்லாத ஊர் ஒன்று ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. அதன் பெயர் லெவிற்றவுன்.

நியூயோர்க் மாநகரின் மையமாகிய மான்ஹற்றனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், லோங் ஐலன்ட் என்னும் தீவில் இவ்வூர் அமைந்துள்ளது. பண்டு புல்வெளியாயிருந்த அச்சமநிலம் பின்னர் உருளைக்கிழங்குத் தோட்டமாயிற்று. கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நுண்புழு பரவியதனால், தோட்டக்காரர் பலர் நிலத்தை விற்க முன்வந்தனர்.

அக்காலை உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் குடியிருக்க வீடின்றித் தவித்தனர். லெவிற் குடும்பத்தாரின் நிறுவனம் 1947ஆம் ஆண்டில் இங்கே வீடுகட்டத் தொடங்கியது. கட்டுமான வேலை 27 படிகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளர் குழுவும் வீடு வீடாகச் சென்று தனக்குரிய ஒரே வேலையைச் செய்தது. இவ்வாறு ஒரே நாளில் 30 வீடுகள் வரை எழுந்தன. 1949இல் ஒரு வீட்டின் விலை 7,990 டொலர். 1951 அளவில் 17,000க்கு மேற்பட்ட வீடுகள் நிறைந்துவிட்டன.

இத்துணை மக்கள் பெருகியும் லெவிற்றவுன் தனி நகராட்சியாகப் பதிவு செய்யப்படவில்லை. அது அடங்கியுள்ள ஹெம்ஸ்ரெட் ஆட்சிப்பிரிவு வீதிகளைப் பேணுகின்றது. நாசோ மாவட்டம் காவற்படையை நடத்துகின்றது. பாடசாலைகளை மக்கள் தெரிந்தெடுக்கும் கல்விச் சபைகள் நிருவகிக்கின்றன.

இனி, இவ்வூர் வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் நாம் அறிதல் வேண்டும். முதலில் எழுதப்பட்ட குத்தகைப் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதார் அவ்வீடுகளிற் குடியிருத்தல் ஆகாது என்னும் விதி இருந்தது. வீட்டுக்கடனுக்கு உறுதியளித்த அரசாங்க நிருவாகமே அன்று இத்தகைய விதிகளை ஆதரித்தது. போர்முனையில் போரிட்ட கறுப்பின வீரருக்கு இவ்வூரின் கதவு திறக்கவில்லை. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என 1948இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நிறுவனம் தன் வழக்கத்தை உடனே கைவிடவில்லை. வீட்டு விற்பனையில் இனவேற்றுமை காட்டுதலை நாடு முழுவதும் தடுக்கும் சட்டம் 1968இலேயே வந்தது.

விதி மறைந்து பல்லாண்டுகள் கழிந்தும் அவ்வூரிற் கறுப்பினத்தவர் மிகச் சிலரே. தொடக்கத்தில் வீடு பெற்றோரின் மக்களுக்கு அவ்வீட்டின் வளர்ந்த மதிப்பும் சொத்தாய்ச் சேர்ந்தது. விலக்கப்பட்டோரின் மக்களுக்கோ அதுவும் கிட்டவில்லை. எனவே, ஓர் ஊரின் எல்லையை அறியப் படத்தைப் பார்த்தல் மட்டும் போதாது. அங்கு குடியேற யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் மாணவர் கேட்டறிதல் வேண்டும்.