கவிழ்ந்து கிடக்கும் கைப்பேசி

மனம் ஒன்றில் நிலைப்பதில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், கைப்பேசியில் செலவழியும் நேரத்தைக் கணக்கிட்டு வருந்துவதோடு நாம் நின்றுவிடுகிறோம். கையில் எடுக்காத வேளையிலும், மேஜைமேல் சும்மா கிடந்தபடியே, அந்தச் சாதனம் நம் சித்தத்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்கிறதோ என்ற சந்தேகம் எளிதில் உதிப்பதில்லை.

அதைப் பரீட்சித்துப் பார்த்தவர்கள், ஆஸ்டின் நகரத்து டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டும் அவருடைய சகாக்களும். 2017-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில் ஏறத்தாழ 800 பேர் கலந்துகொண்டார்கள். ஓசையும் அதிர்வும் அடக்கப்பட்ட கைப்பேசியைச் சிலர் மேஜைமீது கவிழ்த்து வைத்தார்கள். சிலர் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அடுத்த அறையிலேயே விட்டுவந்தார்கள். பின்னர், கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டே, இடையிடையே தோன்றும் எழுத்துக்களை வரிசை பிசகாமல் நினைவில் நிறுத்த வேண்டும். ஒரு சித்திரக் கோலத்தில் விடுபட்ட பகுதி எதுவென்று ஊகித்தறிய வேண்டும். இவற்றில், கைப்பேசியை அடுத்த அறையில் விட்டுவந்தவர்கள், மேஜைமேல் வைத்திருந்தவர்களைவிட மேம்பட்டு விளங்கினார்கள். கைப்பேசி இருந்த இடம் தம் வேலையைப் பாதித்ததாகப் பெரும்பாலோர் கருதவே இல்லை என்பது விசித்திரம். மற்றொரு பரிசோதனையில், அதை அணைத்து வைத்தும் வித்தியாசம் ஏற்படவில்லை. எடுக்கக் கூடாது என்று மனத்தை அடக்கி வைப்பதற்கே மனோசக்தியில் ஒரு பகுதி விரயமாகிறது என்பது ஆராய்ச்சியாளர் கூறும் காரணம்.

பிற்பாடு இவ்வாறே சோதித்த வேறு சிலருக்கு இந்த வித்தியாசம் புலப்படவில்லையாதலால், இதை முடிந்த முடிவென்று சாதிப்பதற்கில்லை. ஆயினும், அடக்கி வைத்த கை ஒரு கணம் தளர்ந்து கைப்பேசியை எடுத்துவிட்டால் நேர்வது என்ன என்பதற்குத் தனிச் சான்று உண்டு. ஒரு காரியத்தை முடிக்காமல் வேறொன்றுக்குத் தாவும்போது முந்தியதன் மிச்சம் மனத்தில் தங்கிவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர் சோஃபி லெராய் 2009-இல் எடுத்துக்காட்டினார். ரசம் வைத்த பாத்திரத்தைக் கழுவாமல் பால் காய்ச்சினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் அடுத்த காரியமும் அமைகிறது. இத்தாவல்களோ பெருகிவிட்டன. 2004-ஆம் ஆண்டு வாக்கில், ஒரு திரையில் சராசரி இரண்டரை நிமிஷம் நிலைத்திருந்த பார்வை, அண்மை ஆண்டுகளில் சுமார் 47 விநாடியாகக் குறுகிவிட்டது என்பது கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் குளோரியா மார்க், அலுவலகங்களில் அளந்து கண்டது.

ஆகவே, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை, “போனைத் தொடாதே!” என்று அதட்டி, அதை அவன் கண்ணெதிரே கிடக்கவிடுவதில் பயனில்லை. திரிகோணமிதியோடு மல்லாடுகிறவனுக்குத் தன் வைராக்கியத்தோடும் மல்லாட வேண்டிய சுமை எதற்கு? அடுத்த அறையில் வைத்துவிட்டு வரச் சொல்வதே உசிதம். அதட்டுகிற தகப்பனாரின் போனும் அங்கேயே இருக்குமானால், பிள்ளை அந்த உபதேசத்தைக் கேட்கக்கூடும்.